ஒவ்வொரு ஷாட்டுக்கும் என் முகத்தைப் பார்க்கிறாள்

வெளிநாட்டில் நடந்த இளையோர் அமெச்சூர் கோல்ஃப் போட்டிக்கு மூன்று பிள்ளைகளை அழைத்துச் சென்று திரும்பிய ஒரு பயிற்சியாளர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

நான்கு நாள், 72 ஹோல் (குழிகள்), ஸ்ட்ரோக் பிளே போட்டி, அதாவது மொத்தம் எத்தனை அடி என்று எண்ணுவார்கள், குறைவாக அடித்தவருக்கு வெற்றி. இரண்டாம் நாள் முடிவில் ‘கட்’, அதைத் தாண்டியவர்கள் மட்டுமே மீதி நாட்கள் ஆடுவார்கள். அவருடன் போனவர்கள் 17 வயதுப் பெண் ஒருத்தி, 16, 15 வயதுப் பையன்கள் இருவர். பயிற்சியாளர், மேனேஜர், பொறுப்பாளர் எல்லாம் அவர் ஒருவரே. ஆறு மணி நேர வித்தியாசமுள்ள நாட்டுக்கு, போட்டிக்கு இரண்டு நாள் முன்புதான் போய் இறங்கியிருக்கிறார்கள். அந்தப் பெண் நல்ல திறமைசாலி. ஆனால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் பிறகு பயிற்சியாளர் எங்கே நிற்கிறார் என்று தேடிப் பார்ப்பாள். அவளுக்குத் தைரியம் வேண்டும் என்று இரண்டு நாளும் அவளுடைய 18 ஹோலையும் கூடவே நடந்திருக்கிறார். இருவருக்கும் இடையில் பேசி வைத்த சைகைகளும் இருந்தன. தொப்பியைத் தொட்டால் ‘மூச்சை இழுத்து விடு’. குடையை இடது கைக்கு மாற்றினால் ‘கொடியைக் குறி வைக்காதே, கிரீனின் நடுவில் போடு’ (கொடி நிற்பது குழியில், அதைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரைதான் கிரீன்). இரண்டாம் நாள் 11-ஆவது ஹோலில் ரெஃபரி இதைக் கவனித்து, அவரைத் தனியே அழைத்து எச்சரித்திருக்கிறார்.

பெண் 83, 79 அடித்துக் ‘கட்’-ஐத் தவறவிட்டாள். பயிற்சியாளர் நான்கே ஹோல்கள் பார்த்த 15 வயதுப் பையன் ‘கட்’-ஐத் தாண்டிவிட்டான். 16 வயதுப் பையனின் அப்பா, “உங்களுக்கு அந்தப் பொண்ணு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுதா?” என்று போனில் சத்தம் போட்டிருக்கிறார். முதல் ரவுண்டு முடிந்த மாலை அந்தப் பெண்ணை ரேஞ்சுக்கு (பயிற்சித் திடலுக்கு) கூட்டிப்போய் இரண்டு மணி நேரம் கிரிப்பை (மட்டையைப் பிடிக்கும் முறையை) சரிசெய்ததாகவும், அன்று இரவு அவள் அழுதுகொண்டே அறைக் கதவைத் தட்டியதாகவும், உள்ளே உட்கார வைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆறுதல் சொன்னதாகவும் எழுதியிருக்கிறார். மறுநாள் காலை அவளுக்குக் குமட்டல், கைநடுக்கம். இதைக் கேட்ட அவள் அப்பா, “என் அண்ணன் நடுக்கத்துக்கு புரோப்ரனலால் போடுகிறார். அடுத்த தடவை அதில் அரை மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமா?” என்று கேட்டிருக்கிறார்.

எட்டு வாரத்தில் இன்னொரு வெளிநாட்டுப் போட்டி. “நான் கூட நடக்கட்டுமா, கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளட்டுமா? இல்லை, இந்தப் பொறுப்பையே விட்டுவிடட்டுமா?” என்று முடிக்கிறார்.

அன்புள்ள பயிற்சியாளருக்கு,

மூன்று பிள்ளைகளைத் தனி ஆளாக வேறொரு நாட்டுக்கு அழைத்துப்போய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறீர்கள். அது எவ்வளவு பெரிய வேலை என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும். உங்கள் அக்கறையில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அந்த அக்கறை எந்த இடத்தில் பயன்படும், எந்த இடத்தில் பிள்ளைக்கே பாரமாகும் என்பதைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும். நான் விளையாட்டு வீரர்களோடு வேலை செய்யும் உளவியல் ஆலோசகர். ஸ்விங்கைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. இரண்டு ஷாட்டுகளுக்கு நடுவில் நடப்பதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் முதலில் விதி. அதில் நீங்கள் நினைத்திருப்பது தவறு, அதன் விலையைக் கொடுக்கப்போவது அந்தப் பெண்.

வாய் திறக்காவிட்டாலும் அது ஆலோசனைதான்

“நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, எதற்கு எச்சரிக்கை?” என்று ஆதங்கப்பட்டிருக்கிறீர்கள். ஆர் அண்ட் ஏ, யு.எஸ்.ஜி.ஏ. ஆகிய இரு அமைப்புகள் சேர்ந்து வெளியிடும் கோல்ஃப் விதிகளில் ‘ஆலோசனை’ என்பது பேச்சு மட்டும் அல்ல, செயலும் அதில் அடங்கும். எந்தக் கிளப்பை (மட்டையை) எடுப்பது, எப்படி அடிப்பது, ஒரு ஹோலை எப்படி ஆடுவது என்ற முடிவை மாற்றும் நோக்கத்தோடு செய்யும் எதுவும் ஆலோசனை. நீங்கள் குடையைக் கைமாற்றியது, ‘நடுவில் போடு’ என்று வாய்விட்டுச் சொன்னதற்குச் சமம். தொப்பியைத் தொட்டது வெறும் ஊக்கம் என்று நீங்கள் வாதிடலாம். ஆனால் குடையைப் பார்த்துவிட்ட ரெஃபரி தொப்பியை நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

தனிநபர் போட்டியில் ரவுண்டு நடக்கும்போது ஆட்டக்காரர் தன் கேடியிடம் (பையைச் சுமந்து உடன் வரும் உதவியாளரிடம்) மட்டுமே ஆலோசனை கேட்கலாம். விதி 10.2 அதைத்தான் சொல்கிறது. கேட்காமலே வெளியாள் ஒருவர் எதையாவது சொல்லிவிட்டால் ஆட்டக்காரருக்குத் தண்டனை இல்லை. ஆனால் அதே ஆள் தொடர்ந்து சொல்லிக்கொண்டே இருந்தால், அவரைத் தடுக்க ஆட்டக்காரர் முயல வேண்டும். முயலாவிட்டால் அவரே கேட்டு வாங்கியதாகக் கருதப்படும். ஸ்ட்ரோக் பிளேயில் அதற்கு இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை, ஹோலுக்கு ஹோல் வெற்றியை எண்ணும் மேட்ச் பிளேயில் அந்த ஹோலே போய்விடும். உங்கள் விஷயத்தில் சைகைகள் முன்கூட்டியே பேசி வைத்தவை. ‘அவள் கேட்கவில்லை’ என்று சொல்லித் தப்பிப்பது மிகவும் கடினம். 17 வயதுப் பெண் தன் பயிற்சியாளரைப் பார்த்து, ‘சார், சைகை காட்டாதீர்கள்’ என்று போட்டி நடுவில் சொல்வாளா? அந்த நிலையில் அவளை நிறுத்தியது நீங்கள். ரெஃபரி எச்சரிக்கையோடு விட்டது அவருடைய பெருந்தன்மை.

சரி, எதற்கெல்லாம் தடை இல்லை? கைதட்டலாம், ‘நல்ல ஷாட்’ என்று சொல்லலாம். விதி என்ன என்பதும், கொடி எந்தப் பக்கம் இருக்கிறது, பங்கர் (மணல் குழி) எங்கே இருக்கிறது, இங்கிருந்து அங்கே எத்தனை கெஜம் என்பதும் பொதுத் தகவல், அவை ஆலோசனை ஆகாது. போட்டி நிபந்தனை அனுமதித்தால் தண்ணீர், பழம், மழைக்கோட்டு கொடுக்கலாம். ரவுண்டுக்கு முன்னாலும், இரண்டு ரவுண்டுகளுக்கு நடுவிலும், மின்னல் போன்ற காரணத்தால் ஆட்டத்தை நிறுத்தி வைத்திருக்கும்போதும் நீங்கள் தாராளமாகப் பேசலாம். அணிப் போட்டி என்றால் ஆலோசகர் ஒருவரை நியமிக்கப் போட்டிக் குழு அனுமதிக்கலாம். அது அந்தப் போட்டியின் நிபந்தனையைப் பொறுத்தது.

‘அப்படியானால் நானே கேடியாகப் போகட்டுமா?’ என்று அடுத்துத் தோன்றும். பல இளையோர் போட்டிகளில் பெற்றோரும் பயிற்சியாளரும் கேடியாக வரக்கூடாது என்று உள்ளூர் விதி வைத்திருப்பார்கள். பார்வையாளர்கள் எங்கே நடக்கலாம், எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கும். அதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். அனுமதி இருந்தாலும் இந்தப் பெண்ணுக்கு நீங்கள் கேடியாகப் போக வேண்டாம் என்பதுதான் என் கருத்து. காரணம் கீழே.

அவள் ஏன் உங்களைத் தேடுகிறாள்

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஸ்ட்ரோக்கை 40 வினாடிக்குள் ஆடிவிடச் சொல்கின்றன விதிகள். 72 ஸ்ட்ரோக், ஒவ்வொன்றுக்கும் முழு 40 வினாடி என்று வைத்தாலும் மொத்தம் 48 நிமிடம்தான். ஒரு ரவுண்டு நாலு, நாலரை மணி நேரம் போகும். மீதி மூன்று மணி நேரத்துக்கு மேல் அவள் நடக்கிறாள், காத்திருக்கிறாள், தன் எண்ணங்களோடு தனியாக இருக்கிறாள். மற்ற பல விளையாட்டுகளில் அடுத்த பந்து உடனே வந்துவிடும், யோசிக்க நேரம் இருக்காது. இங்கே ஒரு டபுள் போகி (நிர்ணயித்ததைவிட இரண்டு அடி அதிகம்) போட்டால், அதை நினைத்து நொந்துகொள்ளப் பத்து நிமிடம் கிடைக்கும். உங்கள் பெண் அந்த நேரத்தைக் கடக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள்: உங்கள் முகம்.

பார்த்ததும் ஒரு கணம் நிம்மதி வரும். பொய்யில்லை. ஆனால் அந்த நிம்மதி அடுத்த ஷாட் வரை தாங்காது, மறுபடி பார்க்க வேண்டும். இப்படி ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து உறுதி தேடும் மனம், தன்னால் தனியே சமாளிக்க முடியும் என்பதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பையே இழக்கிறது. நீங்கள் எவ்வளவுக்கு எவ்வளவு நெருங்கி நடக்கிறீர்களோ, அவ்வளவுக்கு இந்தப் பழக்கம் உறுதிப்படும். தேர்வு அறையின் சன்னலுக்கு வெளியே அப்பா நின்றுகொண்டிருந்தால் பிள்ளையின் கண் வினாத்தாளில் நிற்குமா?

இன்னொன்றும் உண்டு. “நான் எப்போதும் சிரித்த முகத்தோடுதான் இருப்பேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பத்தி தள்ளி, “ஆறாவது ஹோலில் பந்து தண்ணீரில் விழுந்ததும் என்னால் தாங்க முடியாமல் திரும்பிக்கொண்டேன்” என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவள் அதைப் பார்த்திருப்பாள். உங்களைக் குறை சொல்லவில்லை, எந்த மனிதராலும் 18 ஹோலுக்கு முகத்தை ஒரே மாதிரி வைத்திருக்க முடியாது. அதனால்தான் ஒரு பிள்ளையின் ஆட்டம் நம் முகத்தைச் சார்ந்திருக்கக் கூடாது.

இதற்கு நேர் எதிராக, நீங்கள் பார்க்காத 15 வயதுப் பையன் நன்றாக ஆடினான் என்பதை வைத்து, ‘நான் இருந்தால்தான் கெடுகிறது’ என்று முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். அதுவும் அவசரம். அவனுக்கு அந்த மைதானம் பொருந்தியிருக்கலாம், பட்டர் (கிரீனில் பந்தை உருட்டும் மட்டை) கைகொடுத்திருக்கலாம், அவனுடைய சுபாவமே வேறாக இருக்கலாம். ஒரு போட்டி, மூன்று பிள்ளைகள். இதிலிருந்து அவ்வளவு பெரிய தீர்ப்பு எழுத முடியாது.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது ஒன்று. அந்தப் பெண்ணைப் பற்றி இத்தனை பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அவள் என்ன விரும்புகிறாள் என்பது ஓர் இடத்தில்கூட இல்லை. சைகை யாருடைய யோசனை? நீங்கள் கூட நடப்பதை அவள் கேட்டாளா, அல்லது நீங்கள் வருவதால் பார்க்கிறாளா? உட்கார்ந்து கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். முதல் பதில் ‘தெரியல சார்’ என்றுதான் வரும். கொஞ்சம் பொறுத்தால் அடுத்தது வரும்.

தூக்கத்தை மறந்துவிட்டீர்கள்

நடுக்கம், குமட்டல், கவனக் குறைவு எல்லாவற்றையும் பயம் என்ற ஒரே கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆறு மணி நேர வித்தியாசத்தைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். உடலின் கடிகாரம் ஒரு மணி நேர வித்தியாசத்துக்குச் சுமார் ஒரு நாள் எடுத்துக்கொண்டுதான் சரியாகும். கிழக்கு நோக்கிப் பயணம் என்றால் இன்னும் கஷ்டம். நீங்கள் கொடுத்தது இரண்டு நாள். அதிகாலை டீ டைமுக்கு (ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கு) அவள் கிளம்பியபோது அவள் உடலுக்கு அது நடுநிசியாகவோ தூங்கப்போகும் நேரமாகவோ இருந்திருக்கலாம். நடுநிசியில் யாரை எழுப்பிச் சாப்பிடச் சொன்னாலும் குமட்டும். அடுத்த முறை நான்கு நாளாவது முன்பு போக முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தூங்கும் நேரத்தைத் தினம் கொஞ்சம் நகர்த்துங்கள். போய் இறங்கிய ஊரில் சரியான நேரத்தில் வெயிலில் இருக்கட்டும். வேறு எந்த உத்தியையும் விட இது அதிகப் பலன் தரலாம்.

முதல் நாள் மாலை கிரிப்பை மாற்றியது

இதை இனி செய்யாதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். உளவியலாளர் ரிச் மாஸ்டர்ஸ் 1992-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு கோல்ஃப் பட்டிங்கை, அதாவது கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டுவதை, வைத்துச் செய்தது. ஒரு குழுவுக்கு எப்படிப் பட் செய்வது என்று விளக்கமாகக் குறிப்புகள் கொடுத்தார்கள். இன்னொரு குழு எந்தக் குறிப்பும் இல்லாமல், மனம் வேறொரு வேலையில் இருக்கும்போதே பழகியது. பிறகு இரு குழுவையும் அழுத்தமான சூழலில் ஆட வைத்தார்கள். குறிப்புகளோடு கற்றவர்கள் தடுமாறினார்கள். மற்றவர்கள் அப்படித் தடுமாறவில்லை. பதற்றம் வந்ததும் நாம் கைவசம் உள்ள விளக்கங்களைத் தேடி எடுத்து, தானாக நடக்கும் செயலை ஒவ்வொரு படியாக மேற்பார்வை பார்க்கத் தொடங்கிவிடுகிறோம் என்பது அவருடைய விளக்கம்.

நீங்கள் செய்தது என்ன? ஏற்கெனவே பதறிப்போயிருக்கும் பெண்ணுக்கு, மறுநாள் காலை மேற்பார்வை பார்க்கப் புதிதாக ஐந்தாறு விஷயங்களைக் கையில் கொடுத்து அனுப்பினீர்கள். கிரிப் மாற்றம் உடம்பில் ஊற வாரக்கணக்காகும். போட்டி நடுவே ரேஞ்சுக்குப் போனால் அவளுக்கு நன்றாக வரும் ஷாட்டை நாலு அடித்துவிட்டு வரட்டும். பேசுவதென்றால் உடம்பைப் பற்றிப் பேசாமல் பந்து போக வேண்டிய இடத்தைப் பற்றிப் பேசுங்கள். ‘முழங்கையை ஒட்டி வை’ என்பதைவிட ‘அந்த மரத்துக்கு இடப்பக்கம் தொடங்கட்டும்’ என்பது பதற்றமான கைக்கு உதவும். பழுதுபார்ப்பதை ஊர் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் திறமைக்கு உண்மையான இடம் பிராக்டிஸ் ரவுண்டு. வெளிநாட்டு மைதானத்தில் புல் வகை வேறு, கிரீனின் வேகம் வேறு, தரையின் இறுக்கம் வேறு. பெர்முடா புல் என்றால் அது வளரும் திசை பந்தை இழுக்கும். இறுகிய தரையில் பந்து விழுந்த பிறகும் வெகுதூரம் உருளும். அன்றைய கொடியை விட்டுவிட்டு, போட்டி நாட்களில் கொடி வரக்கூடிய மூலைகளை நோக்கிப் பட் செய்ய வையுங்கள். எந்த ஹோலில் எந்தப் பக்கம் தவறினால் பரவாயில்லை, எந்தப் பக்கம் தவறவே கூடாது என்பதை அவளே தன் யார்டேஜ் புக்கில் (மைதானத் தூரக் குறிப்பேட்டில்), தன் கையால் எழுதட்டும். ‘கிரீனின் நடுவில் போடு’ என்று நீங்கள் குடையால் சொன்னது நல்ல யோசனைதான். அது முந்தின நாளே அவள் புத்தகத்தில் அவள் எழுத்தில் இருந்திருக்க வேண்டும். அவள் எழுதிவைத்ததை அவள் பார்ப்பதில் விதிக்கு எந்தச் சிக்கலும் இல்லை.

எட்டு வாரத்தில் செய்யக்கூடியது

ஒரேயடியாக ஒளிந்துகொள்ளாதீர்கள். தேடிப் பழகிய பிள்ளைக்குத் திடீரென்று நீங்கள் காணாமல் போனால் அதுவே பெரிய பதற்றமாகிவிடும். படிப்படியாக விலகுங்கள், அவளுக்குத் தெரிந்தே விலகுங்கள். முதலில் உள்ளூர் ரவுண்டுகளில் ஒன்பது ஹோல் மட்டும் நடங்கள். எந்த ஒன்பது என்பதை அவள் முடிவு செய்யட்டும். அப்புறம் கிரீனுக்குப் பக்கம் நிற்பதை விட்டு நூறு கெஜம் தள்ளி நில்லுங்கள். பிறகு ஒரு சிறிய போட்டிக்கு நீங்கள் போகவே வேண்டாம்.

உங்கள் முகம் இருந்த இடத்தில் வேறொன்று வர வேண்டும், இல்லையென்றால் அந்த மூன்று மணி நேரத்துக்கு மேலும் அப்படியே காலியாக நிற்கும். ஷாட் முடிந்ததும் கிளப்பைப் பைக்குள் வைப்பது வரை அதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். கிளப் உள்ளே போனதும் அந்த ஷாட் முடிந்தது. பிறகு கண்ணைத் தரையிலிருந்து தூக்கி மர உச்சிகளைப் பார்த்து நடப்பது, ஒரு மிடறு தண்ணீர், பந்தை அடைந்த பிறகே அடுத்த ஷாட்டைப் பற்றி நினைப்பது. இப்படி ஒன்றை அவளே உருவாக்கட்டும். நீங்கள் உருவாக்கிக் கொடுத்தால் அது இன்னொரு குடையாகிவிடும்.

ரவுண்டு முடிந்து வந்ததும் ஸ்கோர் கார்டைச் சரிபார்க்கும் வேலை மட்டுமே அவள் மனதில் இருக்க வேண்டும். ஒரு ஹோலுக்கு உண்மையில் அடித்ததைவிடக் குறைவாக எழுதிக் கொடுத்தால் தகுதி நீக்கம். அதிகமாக எழுதிக் கொடுத்தால் அதுவே நிற்கும். அழுகையும் விமர்சனமும் இந்த நேரத்தில் நுழைந்தால் இப்படிப்பட்ட தவறுகள் நடக்கும். அதன் பிறகு சாப்பாடு, ஓய்வு. கோல்ஃப் பேச்சை அவள் தொடங்கும்வரை நீங்கள் தொடங்காதீர்கள்.

அந்த மாத்திரை

கொடுக்கவே கூடாது. அரை மாத்திரையும் வேண்டாம், கால் மாத்திரையும் வேண்டாம். புரோப்ரனலால் என்பது பீட்டா பிளாக்கர் வகை மருந்து. இதயத் துடிப்பையும் கைநடுக்கத்தையும் குறைப்பதால், உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியலில் கோல்ஃப் போட்டிகளின்போது தடைசெய்யப்பட்டிருக்கிறது. உடம்பில் என்ன இருக்கிறது என்பதற்கு ஆட்டக்காரரே பொறுப்பு. ‘அப்பா கொடுத்தார்’ என்பது விடுதலை வாங்கித் தராது. கொடுப்பவரும் தனியே விதிமீறல் செய்தவர் ஆவார். பயிற்சியாளராக உங்கள் வாழ்க்கையே அதோடு முடிந்துவிடலாம். உண்மையாகவே மருத்துவத் தேவை உள்ளவர்கள் முன்கூட்டி விண்ணப்பித்து விலக்கு கேட்கும் முறை உண்டு. அது வேறு விஷயம்.

விதியை விடுங்கள். இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்த இதய மருந்தை ஒரு பிள்ளைக்குக் கொடுப்பது ஆபத்து. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த மருந்து மூச்சுத்திணறலை வரவழைக்கலாம். அந்த அப்பாவை வில்லனாக்க வேண்டாம், மகள் கஷ்டப்படுவதைப் பார்த்துத் தவிக்கிறார். காரணத்தை அமைதியாகச் சொல்லிவிட்டு, அவளை ஒரு மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். போட்டி இல்லாத நாட்களிலும் அவளுக்குத் தூக்கம், பசி கெட்டிருந்தால், பள்ளிக்குப் போகவே பயந்தால், ‘நான் இருந்து என்ன’ என்பது போல எப்போதாவது பேசியிருந்தால் எட்டு வாரம் காத்திருக்காதீர்கள். பெற்றோரிடம் உடனே சொல்லி, மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ இந்த வாரமே பார்க்க வையுங்கள். அந்த நிலையில் அடுத்த போட்டி ஒரு பொருட்டே அல்ல.

இரவில் கதவு தட்டப்பட்டால்

நீங்கள் நல்ல மனதோடு செய்தீர்கள் என்று நான் நம்புகிறேன். ஆனாலும் அப்படிச் செய்திருக்கக் கூடாது. 18 வயது ஆகாத பிள்ளையோடு ஒரு பெரியவர் மூடிய அறையில் தனியாக இருப்பது எந்த நல்ல பாதுகாப்பு நெறிமுறையிலும் இடம் பெறாது. ஆண், பெண் என்ற வேறுபாடு இதில் இல்லை, பையன்களுக்கும் இதே விதிதான். முதலில் இது பிள்ளையின் பாதுகாப்புக்கு. உங்களைப் போன்ற ஒருவர் நல்லவர் என்பதால் அவள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளப் பழகினால், நல்லவரல்லாத இன்னொருவர் வரும் நாளில் அவளுக்கு எச்சரிக்கை மணி அடிக்காது. அடுத்தபடியாக, உங்கள் பெயரையும் இது காக்கிறது.

அழுதுகொண்டு வந்தால் விரட்ட வேண்டியதில்லை. ‘வாம்மா, கீழே லாபியில் உட்காரலாம்’ என்று ஆட்கள் நடமாடும் இடத்துக்கு அழைத்துப் போங்கள். அவள் அம்மாவைப் போனில் கூப்பிட்டுப் பேச வையுங்கள். பிள்ளைகளுக்குச் செய்தி அனுப்பினால் பெற்றோரும் இருக்கும் குழுவில் அனுப்புங்கள். நடந்துவிட்ட அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி அவள் பெற்றோரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். மூன்றாம் ஆள் வழியாகத் தெரிவதைவிட அதுதான் எல்லோருக்கும் நல்லது.

மூன்று பேர், ஒருவர்

நடைத் திட்டத்தை முன்பே எழுதி வையுங்கள். டீ டைம் வெளியான அன்றே, யாரை எந்த ஹோல்களில் பார்ப்பீர்கள் என்று ஒரு தாளில் போட்டுப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அனுப்புங்கள். பல மைதானங்களில் 1, 9, 10, 18 ஆகிய ஹோல்கள் கிளப் ஹவுஸ் பக்கமே வரும். ஓரிடத்தில் நின்றாலே இரண்டு பேரைப் பார்த்துவிடலாம். நிற்கும்போது ஸ்கோரை எழுதாதீர்கள், அது எப்படியும் தெரிந்துவிடும். ஷாட்டுக்கு முன் எடுத்துக்கொள்ளும் நேரம் கூடுகிறதா, எந்தப் பக்கம் தவறுகிறார்கள், எத்தனையாவது ஹோலில் சாப்பிட மறந்தார்கள் என்பதைக் குறித்து வையுங்கள். பயிற்சியாளர் நேரில் வந்தால் மட்டுமே கிடைக்கும் தகவல் அது.

பெற்றோருக்கு என்ன உரிமை என்றும் கேட்டிருந்தீர்கள். பிள்ளை எங்கே தங்குகிறது, யாரோடு போகிறது, உடல்நிலை எப்படி, ஏதாவது அசம்பாவிதமா என்பதெல்லாம் உடனுக்குடன் தெரிந்துகொள்ள அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஹோலுக்கு ஹோல் வர்ணனை கேட்கும் உரிமை கிடையாது. ரவுண்டு முடிந்து பிள்ளை சாப்பிட்ட பிறகு ஒரே ஒரு செய்தி, மூன்று பெற்றோருக்கும் ஒரே நேரத்தில். கிளம்பும் முன்பே இதைச் சொல்லிவிட்டால் சண்டை பாதியாகக் குறையும்.

விலகுவதா?

வேண்டாம். கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கும் பயிற்சியாளரை அந்தப் பிள்ளைகள் இழக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்: இனி தனி ஆளாகப் போகக் கூடாது. உங்களை அனுப்பும் சங்கத்துக்கு இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள். உடன் வர இன்னொரு பெரியவர் வேண்டும், பெண் பிள்ளை இருப்பதால் அவர் பெண்ணாக இருப்பது நல்லது. உங்கள் பொறுப்பு எது, மேனேஜர் பொறுப்பு எது என்று பிரித்து எழுதித் தர வேண்டும். பிள்ளைகளின் மருத்துவ விவரங்களும், பெற்றோரின் ஒப்புதல் கடிதமும், காப்பீடும் கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டும். பணம் இல்லை என்று சொன்னால், பெற்றோரில் ஒருவர் சொந்தச் செலவில் வர முடியுமா என்று பாருங்கள். அதற்கும் வழியில்லை என்றால் இந்த ஒரு பயணத்துக்கு ‘முடியாது’ என்று சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த வாய்ப்பு போய்விடுமோ என்ற பயம் நியாயமானதுதான். இரவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து மருத்துவமனைக்கு ஓடும்போது மற்ற இரண்டு பிள்ளைகளை யாரிடம் விடுவீர்கள் என்ற கேள்வி அதைவிடப் பெரியது.

16 வயதுப் பையனைப் பற்றி உங்கள் கடிதத்தில் அவன் அப்பாவின் கோபத்தைத் தவிர வேறு ஒரு வரியும் இல்லை. அவன் என்ன அடித்தான் என்பதுகூட இல்லை. அந்த அப்பா பேசிய விதம் தவறு, ஆனால் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அடுத்த போட்டியின் நடைத் திட்டத்தை அவன் பெயரிலிருந்து எழுதத் தொடங்குங்கள். அதற்கு முன் அவனையும் ஒரு நாள் தனியாக, பிராக்டிஸ் கிரீன் ஓரத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் உட்கார வைத்து, அந்த இரண்டு நாளும் அவனுக்கு எப்படி இருந்தது என்று கேளுங்கள்.